மூன்று விதமாகப் போகும் படகு

ஹட்டனுக்குக் கீழே, நீர்த்தேக்கத்தின் இக்கரையில் ஏஞ்சலா டீச்சரின் வீடு. அக்கரையில் அவள் அம்மா இராசம்மா இருக்கும் லயத்து வரிசை வீடு. கூப்பிட்டால் கேட்காது, கையசைத்தால் தெரியும். பஸ்ஸில் போனால் மட்டும் மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம். அந்த வளைவுகளில் இராசம்மாவுக்கு வயிறு புரட்டிவிடும் என்பதால், மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகியும் அவள் மகள் வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை. அம்மாவை ஒரு தடவையாவது தன் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்பது ஏஞ்சலாவின் ஆசை.

அதற்கு ஒரு படகு போதுமே என்று அவள்தான் வாயை விட்டாள். கணவன் ஜூட்சன் தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்கு, வேலையை மேற்பார்க்கிறவன். பெண்கள் கொழுந்தெடுத்து முடித்த மலையில் மறுபடி ஏறி, நிரை நிரையாகக் குறை பார்க்கிறவன். அவன் படகு பார்க்கத் தொடங்கி ஐந்து மாதமாயிற்று. துடுப்புப் போடும் கயாக் படகு ஆழமில்லாத இடத்துக்கு நல்லது, காலால் மிதிப்பது தூரத்துக்கு நல்லது, பாய் கட்டியது காற்றுக்கு நல்லது என்று ஒரு கொப்பி நிறைய எழுதி, கடைசியில் மூன்றையும் செய்கிற ஒன்றைக் கண்டுபிடித்தான்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இத்தனை நாள் யோசிக்கலையே நீங்க" என்றாள் ஏஞ்சலா.

"அங்க ஒரே ஒரு மாடலைத்தானே காட்டுனாங்க."

சனிக்கிழமை காலையில் கண்டியிலிருந்து படகு விற்கும் கணேசமூர்த்தி லொறியில் இரண்டு கயாக்குகளைக் கொண்டுவந்தார். ஒன்று துடுப்பு மட்டும் போடுவது. மற்றது ஜூட்சன் சொன்ன மஞ்சள் கயாக். நாலு மணிக்குள் முடிவைச் சொன்னால் ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லி, அவர் லொறியிலேயே சாய்ந்துகொண்டார்.

இருவரும் மஞ்சள் கயாக்கில் ஏறியதும் ஜூட்சன் முதலில் பாயை விரித்தான். அந்த நீரில் காற்று மூன்று பக்க மலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். கயாக் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த கரையையே பார்த்து நின்றது. மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை நிறுத்தினார்கள்.

"கண்டாக்கையா, நிரை மாறிப் போறீங்க" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். தினமும் அவன் வாயிலிருந்து அவர்கள் கேட்கிற வார்த்தை அது. ஏஞ்சலா சிரிப்பை அடக்க நீரைப் பார்த்துக்கொண்டாள்.

பாயைச் சுருட்டிவிட்டு மிதித்தார்கள். பத்தடி போனதும் அடியில் தடக்கென்று இடித்து நின்றது. அணை கட்டுவதற்கு முன் அந்த இடமெல்லாம் தேயிலை. கரையோரத் தண்ணீருக்குள் இன்றும் அடிக்கட்டைகள் நிற்கின்றன. ஜூட்சனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆபீசில் தொங்கும் பழைய வரைபடத்தில், மூழ்கிப்போன ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கும் எட்டாம் நம்பர் மலைக்கும் நடுவே மாட்டுவண்டி போகும் ஒரு கரத்தை ரோட்டு இருந்தது. இப்போதும் அது கரையில் தொடங்கி நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. கயாக்கை அங்கே இழுத்துப்போய், மூழ்கிய ரோட்டின் மேலேயே மிதித்தார்கள். எதுவும் இடிக்கவில்லை. இந்த மனுசனிடம் புத்தி இருக்கத்தான் செய்கிறது என்று ஏஞ்சலா நினைத்தாள். சொன்னால் அதையும் கொப்பியில் எழுதிக்கொள்வான்.

இருபது நிமிடத்தில் அக்கரை வந்தது. இராசம்மா துவைத்த துணியோடு நின்றிருந்தாள். கயாக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஜூட்சன் துடுப்பு, மிதி, பாய் மூன்றையும் விளக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மூணு விதமா போகுமா? மூணு பேரு போக மட்டும் வழியில்லையாக்கும்."

அப்போதுதான் இருவரும் கயாக்கைப் பார்த்தார்கள். இரண்டே இருக்கை. லொறியோடு வந்த மற்றதில் மூன்று இருந்தன. ஒரு வேலைதானே செய்கிறது என்று ஜூட்சன் அதைக் கழித்துவிட்டிருந்தான்.

"ஆள் எண்ணாம ஒரு நாளும் தோட்டத்துல காலைப் பெரட்டக் கலைக்க மாட்டீங்களே" என்றாள் ஏஞ்சலா.

"நீயும் எண்ணலையே."

அது உண்மைதான். அவளும் எண்ணவில்லை.

இராசம்மா துணியைக் கொடியில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, மருமகனிடம் கையை நீட்டினாள். அவன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தான். மூழ்கிய ரோட்டின் நேர்கோட்டை விட்டு விலகாதே என்று ஏஞ்சலாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு, அவன் பஸ் பிடிக்க மேட்டில் ஏறினான். நாற்பது வருடம் மலையேறி இறங்கிய இராசம்மாவின் கால்கள் மிதியில் அடங்கி உட்கார்ந்தன. நடுத்தண்ணீருக்கு வந்ததும், கொஞ்சம் சும்மா இரேன், நான் மிதிக்கிறேன் என்று மகளை அதட்டினாள்.

நாலு மணிக்குக் கணேசமூர்த்தி வாசலில் வந்து நின்றார். ஜூட்சன் ஐயா இன்னும் பஸ்ஸில்தானே, திங்கட்கிழமை வரட்டுமா என்று கேட்டார். அம்மா மிதித்து வந்த மஞ்சள் கயாக்கையே வைத்துக்கொள்வதாகவும், பாயை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்படியும் ஏஞ்சலா சொன்னாள்.

"ஐயா பாய் வேணும்னுதான் இதையே கேட்டாரு, டீச்சர்."

"வந்ததும் நான் சொல்லிக்கிறேன்" என்றவள் உள்ளே போனாள். அம்மாவின் தட்டில் சோறு தீர்ந்திருந்தது.