ராமதாஸ் காரில் கேட்ட சத்தம்

குருசுக்குப்பத்தில் முதன்முதலில் புதுக் கார் வாங்கிய மனிதர் ராமதாஸ். புதுச்சேரியில் அதற்கு முன் கார் இல்லாமல் இல்லை. பெரிய பங்களாக்களில் முசே என்று அழைக்கப்பட்ட துரைமார்கள் வைத்திருந்தார்கள். பாதி வண்டிகளுக்குக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. கரையில் நின்று மீன் ஏலம் விடுகிற ஒருவர் சென்னைக்குப் போய், பளபளவென்று ஒரு பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? கோயில் வாசலில் பூசை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய நேரத்தில் குப்பத்தில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. மீதிப் பேர் வரிசையாக உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள்.

மனைவி ரஞ்சிதத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ராமதாஸ் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போனார். திரும்பும்போது அவள் அவர் தோளைத் தட்டினாள்.

"இன்னாங்க, எங்கியோ கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதே! புது வண்டியில இன்னா சத்தம்?"

ராமதாஸ் திரும்பி அவள் வாயைப் பார்த்தார். 

வண்டியில் சத்தம் இருந்தது. ராமதாஸிடம்தான் காது இல்லை. இடது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலது காதும் கிளம்பத் தயாராக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சங்கதி உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேலே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஏலத்தில் கேட்கவே வேண்டாம். விலை கேட்பவர்களின் வாயசைவைப் பார்த்தே அவர் ஏலத்தை ஓட்டிவிடுவார். வீட்டிலும் ரஞ்சிதம் ஒரு காலத்தில் கூடை சுமந்து மீன் விற்ற தொண்டைக்காரி. அடுப்படியில் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இப்படி நிம்மதியாக இருந்த மனிதர், கண்ணாடியை ஏற்றிவிட்டால் அலைச் சத்தம்கூட நுழையாத ஒரு பெட்டியைத் தாமாகவே போய் வாங்கி வந்தாரே, அதை என்னவென்று சொல்வது! அதற்குள் உட்கார்ந்ததும் ரஞ்சிதம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதுவும் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

விஷயம் வெளியே தெரிந்தால் ஏலம் கைவிட்டுப் போய்விடும். ஏலம் விடும் உரிமை ஊர் கொடுத்தது. ஊர் பிடுங்கியும் கொள்ளலாம். அவருடைய சித்தப்பா மகன் பாலகுரு அதற்காகவே கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான். வரும்படி போவதுகூடப் பெரிதில்லை. விடிகாலையில் மணலில் நின்று "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் கொடுக்காவிட்டால் தான் யார் என்றே ராமதாஸுக்கு விளங்காது. பயந்துபோனார். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா, ஆமா. நான் அப்பவே கவனிச்சேன். அந்தக் கதவுலதான் வருது."

"கதவுலயா? எனக்குப் பின்னாடி கேக்குதே."

"சத்தம் அப்படித்தான் சுத்திக்கிட்டு வரும். வண்டியைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

மறுநாள் காலையில் கதவுக் கீல்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். வேட்டியெல்லாம் எண்ணெய் ஆனதைத் தவிர வேறு பலன் இல்லை. முன்பக்கத்துப் பெட்டிக்குள் பழைய துண்டுகளைத் திணித்தார். ஜன்னல் கண்ணாடி இடுக்கில் பஞ்சு வைத்தார். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "போயிடுச்சு" என்று அறிவிப்பார். ரஞ்சிதம் உதட்டைப் பிதுக்குவாள். உடனே அவரும், "போன மாதிரி இருந்துச்சு, மறுபடி வந்துடுச்சு" என்று சேர்த்துக்கொள்வார். கார் முழுக்கப் பலகாரக் கடை வாசனை அடித்தது.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. காரில் ரஞ்சிதம் மெதுவாகச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வைத்ததில், ஒருநாள் அவளுடைய தம்பி கொளஞ்சி தகரப் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கினான். "மாமா சரின்னுட்டாராமே!" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டான்.  எதற்குச் சரி என்றோம், இன்னும் எதற்கெல்லாம் சரி என்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அன்று ராமதாஸுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் தவளக்குப்பம் வரைக்கும் போக வேண்டும் என்று பாலகுரு காரில் ஏறிக்கொண்டான். பின் சீட்டில் உட்கார்ந்தான். முன்னாலிருந்த கண்ணாடியில் அவன் வாய் அசைவது ராமதாஸுக்குத் தெரிந்தது.

"இன்னாண்ணே, வண்டிக்குள்ள எலி வளக்கிறியா? இந்தச் சத்தம் உன் காதுல விழலியா?"

காது என்று அவன் வாய் சொன்னதைப் பார்த்ததும் ராமதாஸுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. இனிமேல் பதுங்கினால் ஆகாது, பாய்ந்துவிட வேண்டியதுதான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். அன்றிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேச்சு. ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றார். டீக்கடையில் உட்கார்ந்து, வாயாலேயே கீச்சு கீச்சென்று செய்து காட்டினார். ஓடுகிற காரை நடுரோட்டில் நிறுத்தி, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "கேட்டுச்சா? இப்ப கேட்டுச்சா?" என்பார். ஓசியில் சவாரி வந்தவர்கள் மரியாதைக்காக, "கேட்டுச்சு" என்றார்கள். ராமதாஸுக்குப் பாம்புச் செவி என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சும் அவர் காதில் விழவில்லை.

இவ்வளவு அமர்க்களம் செய்த பிறகு மெக்கானிக்கிடம் போகாமல் இருக்க முடியுமா? முல்லா வீதிப் பக்கம் மஜீத் ஒரு ஷெட் வைத்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் சிக்கனக்காரர். கன்னத்தில் எப்போதும் வெற்றிலை அடக்கியிருப்பார். ராமதாஸைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தாமே வண்டியை எடுத்தார். வீராயி என்ற மீன்காரி புருவத்தை அசைத்தாலே அவள் என்ன விலை கேட்கப் போகிறாள் என்று சொல்லிவிடும் ராமதாஸுக்கு, மஜீதின் முகத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்கக் கிடைக்கவில்லை. வெற்றிலை அடைத்த அந்த முகம் சுவராக இருந்தது. அவர் ஒரு விரலைத் தூக்கினால் 'இப்போ வருதா?' என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. பள்ளம் வந்தால் "வருது" என்றும், நல்ல ரோடு வந்தால் "நின்னுடுச்சு" என்றும் ராமதாஸ் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓரிடத்தில் மஜீத் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்துவிட்டு, விரலைத் தூக்கினார்.

"இப்பதான் ரொம்பப் பலமா கேக்குது," என்றார் ராமதாஸ்.

மஜீத் கீழே இறங்கி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வண்டி நிக்குது முதலாளி."

"அதைத்தான் பாய் நானும் சொல்றேன். நின்னாகூட விடமாட்டேங்குது."

மஜீத் வண்டியை ஷெட்டுக்குத் திருப்பினார். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் சாயங்காலம் வண்டியை எடுக்க ரஞ்சிதமும் கூடப் போனாள். நின்ற வண்டியில் சத்தம் கேட்கிற ஆளிடம் பேசிப் பயனில்லை என்று மஜீத் தீர்மானித்திருக்க வேண்டும். ராமதாஸ் முன்பக்கம் குனிந்து எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரஞ்சிதத்திடம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"பின் சீட்டுக்குக் கீழ ஒரு ஸ்பிரிங்கு சட்டத்துல உரசிக்கிட்டு இருந்துச்சும்மா. கம்பளித் துண்டு வெச்சுக் கட்டிட்டேன். இனிமே வராது."

திரும்பி வரும் வழியில் வண்டி வாயைத் திறக்கவில்லை. ரஞ்சிதமும் திறக்கவில்லை, சத்தம் நின்றுவிட்டது என்று அவரே சொல்லிச் சந்தோஷப்படட்டும் என்று காத்திருந்தாள். அவள் மௌனத்தை ஓரக்கண்ணால் பார்த்த ராமதாஸ், சத்தம் தாங்காமல்தான் எரிச்சலில் இருக்கிறாள் என்று நினைத்தார். முந்திக்கொண்டார்.

"பாத்தியா, பாய் வேலை செஞ்ச லட்சணத்தை? இன்னும் கீச்சு கீச்சுன்னுதே! நேத்தைவிட ஜாஸ்தி!"

ரஞ்சிதம் அவரை வெறித்துப் பார்த்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். குப்பத்துக் கரையோரம் வந்துவிட்டிருந்தது. காற்றுக்காகக் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். மணலில் ஆண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதம் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சத்தம் நின்னுபோச்சு. அங்கிருந்து வர்ற வழியில ஒரு சத்தமும் இல்ல. உங்களுக்கு இன்னா கேக்குது?"

 ராமதாஸுக்குச் சொல்ல இன்னொரு பொய் அகப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அதுவும் இவளிடம் சொன்னால் தேவலை என்று தோன்றிவிட்டது. தனியாகச் சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தார். அவள் பக்கம் நன்றாகக் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்.

தன் குரல் தனக்கே கேட்காதவர் சொல்லும் ரகசியம் எப்படி இருக்கும்?

"எனக்குக் காது கேக்கலடி! ரெண்டு வருஷமாச்சு! பாலகுருவுக்குத் தெரிஞ்சா ஏலம் போயிடும்! யாருகிட்டயும் சொல்லிடாத!"

ரஞ்சிதம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் ஏன் மூடிக்கொள்கிறாள் என்று ராமதாஸ் திரும்பிப் பார்த்தார். வலை பிரித்த கைகள் நின்றிருந்தன. கரை மொத்தமும் காரையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் பாலகுருவும் நின்றான்.

அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தான். அவன் முகம் ஜனங்கள் பக்கம் திரும்பியிருந்ததால் என்ன சொல்கிறான் என்று ராமதாஸுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று வண்டியை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அப்போது வீராயி கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் வாயை மட்டும் அவர் எவ்வளவு தூரத்திலிருந்தும் படித்துவிடுவார்.

"இவருக்குக் காது நல்லா இருந்த காலத்துலயே நான் அஞ்சுன்னா எட்டுன்னுதான் கேட்டுச்சு. இப்ப இன்னா புதுசா கெட்டுப்போச்சு? நாளைலேந்து வெரலைக் காட்டுறோம். அதையும் கூட்டி எண்ணாம இருந்தா சரிதான்!"

கரையில் சிரிப்பு வெடித்தது. அவளே பாலகுரு பக்கம் திரும்பினாள். "உனக்குக் காது இருக்குதுடா தம்பி, இல்லேங்கல. ஆனா உன் கொரலு அலையைத் தாண்டுமா? ஏலத்துக்குக் கத்தத் தெரிஞ்ச ஆளுதான் வேணும்." வலை பிரித்த கிழவர்களும் தலையை அசைத்தார்கள். பாலகுரு ஏதோ முணுமுணுத்தான். முணுமுணுத்ததாலேயே வழக்கில் தோற்றுவிட்டான்.

ராமதாஸ் மறுபடி காரில் ஏறி உட்கார்ந்தார். சந்தோஷத்தில் ஸ்டீரிங்கைத் தட்டினார். பக்கத்தில் ரஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அழுவுறே? ஏலம்தான் போவலையே!"

அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். மறுபடி சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. ரஞ்சிதம் கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, பின் சீட்டில் அவருடைய வலது தோளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவருடைய வலது காதில் வாயை வைத்து, மீன் விற்ற அந்தப் பழைய தொண்டையைத் திறந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து இந்த வண்டியிலதான் நாம கத்தாம பேசிக்கிறோம்னு நெனச்சு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்! மனசுல இருந்ததையெல்லாம் சொன்னேன்! நீங்களும் கேட்டீங்கன்னு நெனச்சேன்!"

கரையில் மறுபடியும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமதாஸுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. எஞ்சினைக் கிளப்பப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்லேந்து சொல்லு," என்றார். "எல்லாத்தையும் சொல்லு. கத்தியே சொல்லு, பரவாயில்ல."