பச்சிளம் குழந்தைக்கும் ஏற்றது

மகளுக்கு இரட்டைப் பின்னலில் ஒன்றை முடித்து மற்றதைப் பின்னிக்கொண்டிருந்தபோது ஷெர்லினுக்குப் போன் வந்தது. சிவந்தி. திருவொற்றியூரில் அதே தெருவில் கடைசி வீடு, ஆஸ்பத்திரி நர்ஸ், ஷெர்லின் காய்ச்சி விற்கும் மூலிகை எண்ணெய்க்கு ஒரு வருஷ வாடிக்கை. ஷெர்லின் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“புது பாட்டில்ல இன்னா போட்ட? தடவுனா சில்லுனு கீது. ஷாம்பு போட்டு அலசுனதும் மண்டை பூரா காந்துது, செவந்து கெடக்குது.”

“வெயிலுக்குன்னு குளிர்ச்சி சேர்த்தேன்க்கா. புதினா உப்பு, அதான் மெந்தால், அப்புறம் கற்பூரம். கொஞ்சந்தான்.”

கொஞ்சம் என்பது சுத்தப் பொய். போர்வெல் தண்ணியிலும் சோப்பிலும் வறண்டு அரிக்கிற மண்டைக்கு அவளுடைய பழைய எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, செம்பருத்தி, அவ்வளவுதான் சேர்மானம். ஆனால் போட்டால் ஒன்றுமே தெரியவில்லையே என்று வாங்கினவர்கள் முனகினார்கள். நம் ஜனங்களுக்கு ஏதாவது தெரிந்தாக வேண்டும். எரியட்டும், குளிரட்டும், கண்ணில் தண்ணி வரட்டும், அப்போதுதான் வேலை செய்கிறது என்று நம்புவார்கள். சரி, தெரியட்டும் என்று போன மாதம் நாட்டு மருந்துக் கடையிலிருந்து இரண்டையும் வாங்கி வந்து கைநிறையப் போட்டாள். முடிவேருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளுக்கே தெரியும். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. எண்ணெய் மாறியது, லேபிள் மாறவில்லை. ஆயிரம் அச்சடித்து வைத்ததைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

“லேபிள்ல ‘பச்சிளம் குழந்தைக்கும் ஏற்றது’ன்னு போட்டுக்கீறியே,” என்றாள் சிவந்தி. குரல் மாறியிருந்தது. “கைக்குழந்தைக்கு இதெல்லாம் ஆவாது ஷெர்லின். மூக்குகிட்ட போனாலே மூச்சு அடைச்சிக்கும். ஃபிட்ஸ் வந்துரும். பச்சப்புள்ள கீற வூட்டுக்கு எதுனா குடுத்தியா?”

ஷெர்லினின் கை பின்னலின் பாதியில் நின்றுவிட்டது. நவ்ரீன். ராயபுரம். நேற்றுத்தான் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு இன்றைக்கு நாற்பதாம் நாள் தலைக்குளியல். ‘நாப்பதுக்குன்னே உங்க எண்ணெய சொன்னேங்க்கா. புள்ளைக்கும் சேர்த்துதான்’ என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். ‘தாராளமா போடு’ என்று இவளும் சிரித்தாள்.

நவ்ரீனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிள்ளை தூங்கட்டும் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள். மகளை ஒற்றைப் பின்னலோடு விட்டுவிட்டு ஷெர்லின் தெருவுக்கு ஓடினாள்.

தெருமுனையில் கிடைத்த நீலமேகத்தின் ஆட்டோ எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறியதுதான் தாமதம், நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசை கட்டியிருந்தன.

“சந்துல புகுந்து போங்கண்ணா.”

“எங்கம்மா புகுர்றது? காலைலருந்தே பேஜாரு. பறந்தாதான் உண்டு.”

மறுபடி போன் போட்டாள். எடுக்கவில்லை. எட்டே கால். தலைக்குளியல் எட்டரைக்கா, ஒன்பதுக்கா? எண்ணெய் தேய்த்து ஊற விடுவார்கள். முதலில் தாய்க்கு, கையில் மீந்ததைப் பிள்ளையின் உச்சியில் ஒரு தடவு. எந்த வீட்டிலும் அப்படித்தான், அவளும் தன் மகளுக்கு அப்படித்தான் செய்தாள்.

அந்தப் பதற்றத்திலும் மனசு ஒரு கணக்குப் போட்டதுதான் வெட்கக்கேடு. ‘இந்த பாட்டில்ல கசடு தங்கிடுச்சு, மாத்தித் தர்றேன்’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் போதும். பிள்ளையும் தப்பிக்கும், பேரும் தப்பிக்கும். வண்டி அங்குலம் அங்குலமாக நகர, அந்த வார்த்தைகளை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காசிமேட்டில் வண்டி மறுபடி நின்றது. இறங்கி ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. முற்றத்தில் நவ்ரீன் தலைமுடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது. அவளுடைய மாமியார் ஜன்னத் மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, காலின் மேல் பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். வாசலிலேயே கற்பூர நெடி அடித்தது.

“இன்னாம்மா, கூப்புடாமயே வந்துக்கீற? வா, குந்து,” என்றாள் ஜன்னத்.

“அந்த பாட்டில்ல கசடு தங்கிடுச்சு மாமி. குடுங்க, வேற மாத்தித் தரேன்.”

“கசடு இன்னா பண்ணும்? துணில வடிகட்டிட்டோம். புள்ளைக்கும் பூசியாச்சு.” உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். “வாசனை தூக்குது. நெஞ்சுக்கும் நல்லதுன்னு சொல்லு.”

பிள்ளை இரண்டு தரம் தும்மியது. பிறகு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. ஜன்னத்தின் கை நெஞ்சை நோக்கிப் போனது.

“பூசாதீங்க. பொய் சொன்னேன் மாமி. கசடு இல்ல, அதுல கற்பூரம் சேர்த்திருக்கேன், புதினா உப்பு சேர்த்திருக்கேன். புள்ளைக்கு மூச்சு அடைச்சுரும்.”

“புள்ளைக்கு போடலாம்னு நீதான போட்டுக்கீற?” ஜன்னத் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். பச்சை எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

“அது பழைய எண்ணெய்க்கு. இதுக்கு அது பொய்.”

சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பறித்து, திறந்த வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது. பின்னாலேயே வந்த நவ்ரீன் கையிலிருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றப் போனாள்.

“தண்ணி வேணாம், எண்ணெய் மூக்குக்கு வழிஞ்சிரும். துணி குடு.”

உலர்ந்த துணியால் உச்சியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். இன்னொரு துணி. இன்னொன்று. பிள்ளையின் உதட்டோரம் மங்கலாக நீலம் தெரிந்தது. தான் கும்பிடுகிற மாதாவிடம் அப்போது அவள் கேட்டதெல்லாம் ஒரு அழுகைதான். ஊரே கேட்கும்படி, காது கிழிகிற மாதிரி ஒரு அழுகை.

அழுதது. முதலில் இருமலாக, பிறகு வீறிட்டு. நவ்ரீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் மொஹ்சின் பைக்கை எடுக்க ஓடினான்.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மைல்டான குழந்தை ஷாம்பு இரண்டே சொட்டில் தலையைக் கழுவச் சொன்னார். அங்கிருந்த நர்ஸ் பஞ்சைப் பிழிந்து பின்பக்கமாகத் தண்ணீர் விட்டாள். மூச்சு சீராகத்தான் இருக்கிறது, சாயந்தரம் வரைக்கும் பார்க்கலாம் என்றார்கள். தாயையும் முதலில் தலையை அலசிவிட்டு வந்து பால் கொடுக்கச் சொன்னார்கள்.

ஷெர்லின் வராந்தாவில் நின்று, எண்ணெய் வாங்கினவர்கள் இருக்கும் குரூப்பில் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் தட்டி அனுப்பினாள். கைக்குழந்தை உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஐந்து வீடு. கடைசி வீட்டிலும் பிள்ளைக்கு இன்னும் போடவில்லை என்று சொன்ன பிறகுதான் காதிலிருந்து போனை எடுத்தாள். திட்டினவர்கள் திட்டினார்கள். வியாபாரம் அன்றோடு முடிந்தது என்று புரிந்தது, அது பெரிதாகத் தோன்றவில்லை.

நவ்ரீன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று ஷெர்லின் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க்கா. உங்க பொண்ணு தலைக்கு இன்னா எண்ணெய் போடறீங்க?”

காலையில் தள்ளிவைத்த கிண்ணம் ஷெர்லினின் கண்ணுக்கு முன்னால் வந்தது. போன மாதம் எண்ணெயை மாற்றியதிலிருந்தே மகளுக்கு அந்தக் கிண்ணம்தான்.

“தேங்காய் எண்ணெய்,” என்றாள். “வெறும் தேங்காய் எண்ணெய்.”

நவ்ரீன் தலையாட்டினாள். பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.