தங்கை தேர்ந்தெடுத்த ப்ராக்ஸி

1
இந்தக் கதை தங்கையிடமிருந்து பிடுங்கியது. துணி மடித்துக்கொண்டே, ஆபீஸில் ஒரு ப்ராக்ஸி டூல் தேர்ந்தெடுத்ததைச் சொன்னாள். "இதுல என்னடி கதை இருக்கு?" என்றேன். மடித்து வைத்த தலையணை உறையைப் பிரித்து மறுபடி மடித்தாள். இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

2
முதல் தொடக்கம்: 'தகவல் யுகத்தில் மனிதர்களுக்கு இடையே' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

நடந்தது இதுதான். அவள் குழு, மருந்து வாங்கும் ஆப் ஒன்றைச் செய்கிறது. சிலருக்கு ஒரே மருந்து இரண்டு முறை வந்து சேர்ந்தது. வயதானவர் யாராவது இரண்டையும் விழுங்கி வைத்தால்? போனுக்கும் சர்வருக்கும் நடுவே என்ன போகிறது, என்ன வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ப்ராக்ஸி, நடுவில் உட்கார்ந்து போவதையும் வருவதையும் காட்டும் மென்பொருள். ஒரு டூல் கலர் கலராக, ஜன்னல் ஜன்னலாக. இன்னொன்று கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. எல்லோருக்கும் கலர்தான் பிடித்தது. முடிவு தங்கை கையில்.

3
பக்கத்து சீட்டில் இருப்பவர் குழுவில் மூத்தவர், எல்லோருக்கும் 'அண்ணா'. கொஞ்ச நாளாகத் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து படிக்கிறார். அப்புறம் ஒரு காதில் இயர்போன் வந்தது. அதில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். பார்வை மங்குவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை இரண்டு டூலையும் தன் கம்ப்யூட்டரில் போட்டு, அதே மென்பொருளை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். கலர் ஜன்னல்களுக்குள் அந்தக் குரல் வழி தெரியாமல் திணறியது. வெறும் எழுத்தைக் கடகடவென்று படித்தது.

மீட்டிங்கில், "ரெண்டாவதே போதும். லேசா இருக்கு, சட்டுனு திறக்குது" என்று மட்டும் சொன்னாள்.

4
பிழையை அண்ணாவே தனியாகக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தேன். தங்கை அந்த வரியை அடித்துவிட்டாள்.

"அவரை ஹீரோ ஆக்காதக்கா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் தேடினோம். அவர் காதுல கேட்டாரு, நான் திரையில பார்த்தேன்."

சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், ஆப் பொறுமையில்லாமல் அதே ஆர்டரை மறுபடி அனுப்பியிருக்கிறது. சரிசெய்துவிட்டார்கள்.

கிளம்பும்போது அண்ணா கேட்டாராம்: "எனக்காகத்தான் இந்த டூலை எடுத்தியாம்மா?"

5
'ஆமாண்ணா' என்று ஒரு முடிவு எழுதினேன். அவர் கண் கலங்கி (போதும், அழவைக்காதே). 'சேச்சே, எல்லாருக்காகவும்தான்' என்று இன்னொன்று.

தங்கை இரண்டையும் படித்தாள். "ரெண்டுமே நான் சொல்லல." காகிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணா இப்போது எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதை யாரிடமும் ஒளிப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் கேள்விக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விடுகிறேன். உங்களுக்குப் பிரியமான ஒருவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று, அப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதையே எழுதிக்கொள்ளுங்கள்.