டியூப் வாசனை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஓர் ஆய்வுக்கூடத்து எலி. மார்பின் என்ற போதைமருந்து கலந்த நீருக்குப் பழகிய அது, வேறு கூண்டில் மாதக்கணக்கில் சாதுவாக இருந்தது. பழைய கூண்டில் விட்டதும், அந்த நீர் வந்துகொண்டிருந்த குழாயை, அது காலியாக இருந்தும், நக்கத் தொடங்கியது. அந்த எலிக்கு ஈடாக ஒரு மனிதன் வேண்டியிருந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கலியபெருமாளை உண்டாக்கினேன். ஆண்டு 1966, மதுவிலக்குக் காலம்.

‘ராஜகிரி உச்சியில் மேகம் கவிந்து…’

(வேண்டாம். மலைக்கு இதில் வேலையில்லை.)

2

குடியை விடுவதற்காகச் சென்னையில் அக்கா நீலாவதி வீட்டில் இருந்தவரை கலியபெருமாள் சாராயத்தை நினைக்கவே இல்லை. ஊர் திரும்பிக் கடை திறந்த அன்றே கை நடுங்கியது. இனித் தொட்டால் ஈரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆய்வுக்கூடத்தில் அந்த எலிகளோடு வேலை செய்யும் நீலாவதிக்கே காரணம் பிடிபடவில்லை. தம்பியோடு ஊருக்கு வந்திருந்தவள், கடையில் உட்கார்ந்து கவனித்தாள்.

சக்கரத்தில் கோட்டம் எடுக்கும்போது கை ஆடவில்லை. பஞ்சர் பார்க்க டியூபை உருவியதும் அவனுக்கு வியர்த்தது.

“இன்னாடா ஆச்சு?”

“தெர்லக்கா. நாக்கு ஊறுது.”

“சாராயம் எதுலடா வரும்?”

“சைக்கிள் டியூப்லதான். போலீசு கண்ணுல படாம இடுப்புல சுத்திக்கினு வருவானுங்க. ஒரே ரப்பர் நாத்தம்.”

“கேட்டீங்களா அண்ணி?” என்றாள் அவன் மனைவி பவுனம்மாள். “எம் மீன்கொழம்புக்கு ஒருநாளும் ஊறாத நாக்கு!”

நீலாவதி சிரிக்கவில்லை. காலிக் குழாயை நக்கிய எலி அவள் கண்முன் நின்றது.*

* சாராயம் உள்ளே இறங்கும்வரை மூளை காத்திருப்பதில்லை. எப்போதும் அதற்கு முன்னால் வரும் வாசனையைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தயார் செய்துவிடும். அந்தத் தயாரிப்புதான் நடுக்கம். புத்திமதிக்கு அது கட்டுப்படாது.

3

கலியபெருமாள் டியூபைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான். “தோ வந்துடறேன்.”

நீலாவதி கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

“உடுக்கா!”

(ஒரு பிரதியில் அவள் கை நழுவுகிறது. அவன் சாராயம் கிடைக்கும் தொண்டூர்ப் பாதையில்… அடித்துவிட்டேன். இன்னொன்றில் சத்தியம் செய்து திருந்துகிறான். அதை எலிகூட நம்பாது. கடையை மூடலாம், சோற்றுக்கு?)

“எலிய வேற கூண்டுல போட்டோம், அடங்கிச்சு” என்றாள் நீலாவதி. “இவனுக்கு இந்த டியூப்தான் கூண்டு, பவுனு.”

பவுனம்மாள் டியூபைப் பொறுக்கிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். “ஒட்டுப்போடக் கத்துக்குடுங்க.”

“பொம்பள பஞ்சர் ஒட்டுனா ஊரு சிரிக்கும்” என்றான் அவன்.

“தாலியறுத்தா மட்டும் சிரிக்காதா?”

4

அவன் கடைசிவரை குடிக்காமல் இருந்தானா என்பதை உங்களிடம் விடுகிறேன். அன்று கை நடுக்கம் நின்ற வழி மட்டும் இது: டியூபெல்லாம் பின்கட்டில் பவுனம்மாளிடம், சக்கரமெல்லாம் கடை முன்னால் கலியபெருமாளிடம்.