ஞாயிற்றுக்கிழமை மீன்

கழுத்தில் தொங்கிய பெயரட்டையைக் கிருபை திருப்பிப் போட்டிருந்தாள். வெள்ளைப் பக்கம் வெளியே, பெயர் உள்ளே. டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தால் யாரும் கைகுலுக்க வரமாட்டார்கள் என்பதையும் அன்று காலையில் கண்டுபிடித்திருந்தாள்.

சனிக்கிழமை. பாளையங்கோட்டை ரோட்டு ஹோட்டலில் டேட்டா அனலிட்டிக்ஸ்காரர்களின் கருத்தரங்கு. துறைமுகத்து ஆட்கள், உப்புக் கம்பெனி, உரக் கம்பெனி, மீன் ஏற்றுமதிக்காரர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. விசிட்டிங் கார்டுகள் சீட்டுக்கட்டுபோல் கைமாறின. புள்ளியியல் படித்துவிட்டு நாசரேத் ஊரிலிருந்து வந்த கிருபையிடம் கார்டே கிடையாது.

"ஏளா, சுவரோட சுவரா நிக்கியே, பெயிண்ட் ஒட்டிரப் போவுது," என்றாள் செல்வராணி. அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரி.

"சார் எங்க?"

"எங்கன சத்தமா சிரிப்பு கேக்கோ, அங்கன போயிப் பாரு."

சார் என்றால் பாலகணேஷ், அவர்கள் கம்பெனியின் முதலாளி. நாளைக்குக் கரைக்கு எவ்வளவு மீன் வரும் என்று இன்றைக்கே சொல்லும் மென்பொருளை அவர் மேடையில் காட்டப் போகிறார். ஐஸ் கம்பெனி ஆறுமுகநயினார் அதை வாங்குவதாக இருந்தார். மீன் வரத்தைப் பார்த்துத்தான் அவர் ஐஸ் போட வேண்டும். கூடப் போட்டால் கரையும். குறைத்துப் போட்டால் மீன் நாறும்.

மென்பொருளைச் செய்தவள் கிருபை. அவள் சோதித்தபோது நூற்றுக்கு எழுபத்தொன்று சரியாக வந்தது. காலையில் பார்த்தால் ஸ்லைடில் தொண்ணூற்றாறு என்றிருந்தது. கீழே, 'உருவாக்கம்: கிருபை தேவதாசன்'.

எப்படி ஏறியது என்று பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போகாது. மாதா கோயில் திருவிழா என்றால் போகாது. மீன்பிடித் தடைக்காலத்தில் அறவே போகாது. மீன் வரத்து அட்டவணையில் அந்த நாட்களின் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. பார்க்க நன்றாக இல்லையென்று பாலகணேஷ் எல்லாவற்றிலும் சராசரியைப் போட்டு நிரப்பிவிட்டார். சோதனைக்கு எடுத்ததில் பெரும்பகுதி தடைக்காலம், அது முழுக்கத் தினமும் ஒரே எடையில் மீன். நாளைக்கும் அதே எடைதான் என்று சொல்ல மென்பொருள் எதற்கு? கிளி ஜோசியக்காரனின் கிளி போதும். பிடிக்காத மீனைச் சரியாகச் சொன்னதற்கு மார்க் போட்டு, அதைக் கூட்டித்தான் தொண்ணூற்றாறு.

சிரிப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனாள்.

"சார், அந்த நம்பரை மாத்திருங்க. ஞாயித்துக்கிழமை எல்லாம் சேத்து வந்துருக்கு."

"ஞாயித்துக்கிழமையும் நாள்தானே?"

"அன்னைக்கு யாரு சார் கடலுக்குப் போறா? எல்லாரும் பூசைக்குல்லா போவாங்க."

"காலிக் கட்டத்தை நிரப்புதது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். உன் பேரை வேற போட்டுருக்கேன். போட்டோ எடுத்து அப்பாகிட்ட காட்டு."

"அப்போ என் பேரை எடுத்துருங்க."

பாலகணேஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வருசம் பூரா வாயத் தொறக்காத ஆளு, இன்னைக்குன்னு பாத்துத் தொறக்க. பேசாம போயி உக்காரு."

அது மெய்தான். கல்லூரியில் பேர் கூப்பிடும்போது குரல் எழும்பாமல் ஆப்சென்ட் வாங்கியவள் அவள். மெய்யாக இருந்ததால்தான் சுட்டது.

மேடையில் தொண்ணூற்றாறு ஆளுயரத்துக்கு நின்றது. முன்வரிசையிலிருந்து ஆறுமுகநயினார், "வார மாசத்துல இருந்து இத வச்சே ஐஸ் போட்டுருவோம்," என்றார்.

"இதைச் செஞ்ச பிள்ள இங்கனதான் இருக்கு. கிருபை, எந்திரி! எல்லாரும் ஒரு கை தட்டுங்க," என்றார் பாலகணேஷ்.

எழுந்தாள். கைதட்டினார்கள். சிரித்துவிட்டு உட்கார வேண்டும், அதுதான் முறை. அவள் உட்காரவில்லை. கைதட்டல் அடங்கியும் நின்றாள். கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்து யாரோ மைக்கை நீட்டினார்கள். வாங்கினாள். மைக் பெயரட்டையில் இடித்து அரங்கெங்கும் கரகரத்தது. அட்டையை நேராகத் திருப்பிப் போட்டாள்.

"அந்த நம்பர் என்னோடது இல்ல." குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. "என் நம்பர் எழுபத்தொண்ணு. படகு போகாத நாளுக்கு உள்ள கட்டம் காலியா இருந்துச்சு. அதுல சராசரியப் போட்டு நிரப்பியிருக்கு. அண்ணாச்சி, இத நம்பி ஞாயித்துக்கிழமை வரத்துக்கு ஐஸ் போட்டுறாதிய."

ஆறுமுகநயினார் திரும்பினார். "ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு எவம்ல கடலுக்குப் போறான்?"

"இந்தக் கணக்குல போறாங்க அண்ணாச்சி."

சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

"சின்ன டெக்னிக்கல் விசயம்," என்றார் பாலகணேஷ். "சாப்பாட்டுக்குப் பொறவு பேசிக்கிடலாம்."

"வேண்டாம் சார். இப்பவே நம்பரை மாத்துங்க. இல்லன்னா பேரை எடுங்க."

"நீ மொதல்ல உக்காரு."

"எடுங்க, உக்காருதேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள். பாலகணேஷ் நம்பரை மாற்றியிருக்கலாம். அவர் பேரைத்தான் எடுத்தார். திரையில் எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. முதலில் அப்பா போனார், பிறகு அவள். 'உருவாக்கம்:' மட்டும் மிச்சம் நின்றது.

"சார், காலிக் கட்டம் கிடக்குல்லா!" பின்வரிசையில் செல்வராணியின் குரல். "சராசரியா ஒரு பேரைப் போட்டு நிரப்புங்க!"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமானது. கிருபை உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஆறுமுகநயினார் அவளைத் தேடி வந்தார். "எழுபத்தொண்ணுன்னா, பத்து நாள்ல மூணு நாள் தப்பாகும்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"அத என் தலையில கட்டப் பாக்கியோ?"

"வாங்கச் சொல்லல. தெரிஞ்சு வாங்குங்கங்கேன்."

அவர் 'ம்' என்றார். வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார்டு கேட்டார். இல்லை என்றாள். அவளுடைய பெயரட்டையை எட்டிப் படித்துவிட்டுப் போனார்.

அவர் நகர்ந்ததும் பாலகணேஷ் வந்தார். முகம் கருத்திருந்தது. "நாளையில இருந்து ஆபீஸ் பக்கம் வராத."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை சார்," என்றாள் கிருபை. "யாருமே வரமாட்டாங்க. திங்கக்கிழமை வாரேன். காலியா இருக்க வேண்டிய கட்டத்தை எல்லாம் காலியாக்கிட்டு, அப்பவும் வேண்டாம்னியன்னா போறேன்."

தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் முன்னால் போய் நின்றாள்.