கப்பலுக்கு எத்தனை ஜோடி?

ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு ஒரே ஒரு ஜோடி ஷூ போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மாலையில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு இருக்க முடியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

கட்டில்மேல் என்னுடையதையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். கரையில் இறங்கி ஊர் சுற்ற ஒரு கேன்வாஸ் ஷூ. ஈரத் தளத்தில் வழுக்காமல் நடக்க ரப்பர் செருப்பு. இரவுச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் குதிகால் உயர்ந்த கறுப்பு. அறைக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்று ஒன்று. இவை போக வெள்ளி நிறத்தில் இன்னொரு ஜோடி. அது எதற்கென்று எனக்கே தெரியாது, ஆனால் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

வேலை முடிந்து அப்போதுதான் வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன இது, கப்பல்ல செருப்புக் கடை போடப் போறியா?"

"அஞ்சு ஜோடிதாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு."

"அந்த வெள்ளிக்கு என்ன காரணம்?"

"அது அங்க போனப்புறம் கிடைக்கும்."

"எனக்கு இருக்கறது ரெண்டு காலு. அதுக்கு ஒரு ஜோடி. நான் போட்டுக்கிட்டே வந்துடறேன், பெட்டியில எடமே வேணாம்."

அந்த ஒரு ஜோடி எது என்பதுதான் விஷயம். அவர் லிஃப்ட் மெக்கானிக். தடித்த அடிப்பாகம் வைத்த பழுப்பு நிறத் தோல் ஷூ ஒன்று வைத்திருக்கிறார். அது ஏறி இறங்காத கட்டடம் இந்த ஊரில் கிடையாது. கிரீஸும் தூசும் சேர்ந்து அதற்கென்று ஒரு தனி நிறமே வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறுவாராம்.

போதாக்குறைக்கு அந்த ஷூ அவருக்கு அலமாரியும்கூட. நாளைக்கு எடுத்துப்போக வேண்டியது எதுவானாலும் முந்தின நாளே அதற்குள் போட்டுவிடுவார். ஒரு ஃபியூஸ், ஒரு ஸ்பிரிங், யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டு. காலையில் காலை நுழைத்ததும் குத்தும், எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார். அவரோடு வேலை பார்க்கிற எல்லோருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்கின பிறகு, வேண்டிய சாமான் வீட்டில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. தலையை நம்பாதே, காலை நம்பு என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவர் பாடமே எடுப்பார்.

நேரில் சொல்லிப் பயனில்லை என்று நாத்தனாருக்கு போன் போட்டேன். அவள் இரண்டு முறை கப்பலில் போய்வந்தவள். அதை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே நீட்டினேன்.

"அண்ணி, அந்த வேலை ஷூவோட போனா அண்ணனை டின்னருக்கு உள்ளயே விடமாட்டாங்க. வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும். நான் ரூம்லயே சாப்பிட்டுக்கறேன்," என்றார் இவர்.

"மானத்தை வாங்காதண்ணா! நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ. குறைஞ்சது மூணு ஜோடி வேணும்."

"எனக்கு எதுவும் வேணாம்மா. உங்க அண்ணி சந்தோஷமா வந்தாப் போதும்."

இப்படிப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வரும். நல்லவர் மாதிரி பேசிவிட்டு நினைத்ததைச் சாதிக்கிற மனிதர். போனை வைத்துவிட்டு, என் அடுத்த புகாரை எடுத்தேன்.

"சரி, பெட்டிச் சாவி எங்க? அதுக்காவது பதில் சொல்லுங்க."

புதுப் பெட்டி மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். பயணத்துக்கென்று வாங்கிய துணிமணி முழுக்க அதற்குள் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த இரண்டு சாவிகளில் ஒன்று பூட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. நுழைகிற சாவியைப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணவில்லை. சோபாவைப் புரட்டியாயிற்று, அரிசி டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தாயிற்று.

"நான் பாக்கவே இல்லம்மா. நாளைக்கு ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திறந்துடறேன்."

"புதுப் பெட்டிங்க அது! தொட்டீங்கன்னா தெரியும் சேதி."

கப்பல் கிளம்ப இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இவரோடு மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்த ஒரு ஷூவையாவது நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்குவோம் என்று வாசலுக்குப் போய் அதை எடுத்துவந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, சாக்ஸோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷையும் பாலிஷ் டப்பாவையும் வைத்துக்கொண்டேன். உள்ளே பழைய துணியைத் திணித்தால் தோல் சுருங்காமல் நிற்கும். இடது ஷூவுக்குத் திணித்தேன். வலது ஷூவுக்குள் கையை விட்டபோது முன்பக்கம் விரலில் ஏதோ தட்டியது.

உள்ளடித் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் நான் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சாவி! உங்க ஷூவுக்குள்ளயே இருக்கு! ஊரையே புரட்டிப் போட வெச்சீங்களே!"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட, ஆமா! இப்பதான் ஞாபகம் வருது. வேலை செய்யற எடத்துக்குப் பக்கத்துல சாவி போடற ஆள் இருக்கார். இன்னொண்ணு போட்டுக்கலாம்னு ஞாயித்துக்கிழமை நான்தான் போட்டு வெச்சேன். அப்படியே மறந்துட்டேன் பாரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாவியைத் துணியில் துடைத்தேன். துடைத்த துணியைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது.

நான் சலவைக் கடையில் துணி வாங்கிக் குறித்துக்கொள்கிற வேலை பார்க்கிறேன். கறையைப் பார்த்து இன்னதென்று சொல்வதுதான் என் பிழைப்பு. கிரீஸ் விரலில் பிசுபிசுக்கும், துரு பொடியாக உதிரும். இது இரண்டும் இல்லை. ஷூவை மூக்கருகே கொண்டுபோனேன். சீழ் நாற்றம் அடித்தது.

"ஏங்க, இந்த வாரம் முழுக்க வேலைக்கு எந்த ஷூவைப் போட்டுக்கிட்டுப் போனீங்க?"

"வேற எது இருக்கு எனக்கு? அதைத்தான்."

"உங்களுக்குக் குத்தலையா?"

"எது?"

"சாவி."

அவர் தன் காலைப் பார்த்தார்.

நான் நகர்ந்துபோய் அவர் வலது காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாக்ஸை உரித்தேன். உரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அது தோலோடு ஒட்டியிருந்தது. கறுப்பு சாக்ஸில் ஒன்றும் தெரிவதில்லை. கிரீஸ் சாக்ஸ் என் துணியில் பட்டால் கத்துவேன் என்று அவரே தனி வாளியில் போட்டு அலசிக்கொள்வார். குனிந்து உள்ளங்காலைப் பார்க்கத் தொப்பை இடம் கொடுக்காது. கட்டைவிரலுக்குக் கீழே, சாவியின் வளையம் அப்படியே வார்த்து எடுத்த மாதிரி பதிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு குழி. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும்.

பத்து அடி உயர லிஃப்ட் கூண்டின்மேல் நின்று வேலை செய்கிற மனிதர், ஒரு வாரமாக இதன்மேல் நின்றிருக்கிறார்.

"என்ன? சின்னக் காயம்தானே?" என்றார், எட்டிப் பார்க்க முயன்றபடி. "பிளாஸ்டர் ஒண்ணு போட்டுடு."

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க. நான் எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்."

அவர் ஒரு விளையாட்டுப்போல மூடிக்கொண்டார். நான் அவருடைய கால் நடுவிரலைப் பிடித்து அழுத்தினேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நகத்தால் அழுத்தினேன். இன்னும் பலமாக, என் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

"ம், ஆரம்பி," என்றார் அவர்.

தானாகவே கண்ணைத் திறந்தவர், தன் விரலில் என் நகம் புதைந்திருப்பதைப் பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. தன் கால்தானா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, இதைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாத," என்றார். "டாக்டர்கிட்ட போனா கப்பல் ஏறக் கூடாதும்பார். போய்ட்டு வந்து பாத்துக்கலாம். நீ எவ்வளவு ஆசையா இருக்கே."

"கப்பலும் ஆச்சு கத்திரிக்காயும் ஆச்சு! எழுந்திருங்க!"

அவர் பழக்க தோஷத்தில் ஷூவைத் தேடினார். அதை எட்டிப்போகிற மாதிரி ஓர் உதை விட்டேன். ஒரு காலில் அவர் குளியலறைக்குப் போடும் ரப்பர் செருப்பு, இன்னொரு காலில் சுற்றிய துண்டு. அப்படித்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கட்டில்மேல் என் ஐந்து ஜோடியும் கேட்பாரற்றுக் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என் நாத்தனாரைவிடச் சின்னவள். காயத்தைப் பார்த்தபோது அவள் முகம் மாறவில்லை, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து அவர் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டாள். அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு நல்ல காலையும் தொட்டாள். நல்ல கால் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

"சுகர் இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர். மாத்திரை போடறேன்."

"தினமுமா?"

அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எனக்கு அவரை அங்கேயே அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"சீழ் உள்ள போக ஆரம்பிச்சிருக்கு," என்றாள் டாக்டர். "இதோட கப்பல் ஏறி ஒரு வாரம் நடந்திருந்தீங்கன்னா காலே போயிருக்கும். இப்பவே அட்மிட் ஆகணும். விரல் ஒண்ணு போகலாம், போகாமயும் இருக்கலாம். பாதத்தைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன்."

நினைக்கிறேன் என்ற அந்த ஒரு சொல் என் காதில் நின்றுகொண்டது. கால் போய்விட்டால் இந்த மனிதர் என்ன செய்வார்? ஏணி ஏறாமல் ஒரு நாள் வீட்டில் இருந்தாலே குட்டிபோட்ட பூனை மாதிரி சுற்றுகிறவர். அவர் படுத்திருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு நாளா மரத்துப் போயிருக்கு?"

"மரத்துப் போச்சுங்கறதே இன்னிக்குத்தான் தெரியும் டாக்டர்."

"யோசிச்சுப் பாருங்க. இப்படி ஒரே நாள்ல ஆகாது. தரை சில்லுனு இருக்கறது, யாராவது காலை மிதிக்கறது, இந்த மாதிரி முன்னாடி தெரிஞ்சுக்கிட்டு இருந்து, அப்புறம் தெரியாமப் போனது ஏதாவது உண்டா?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. காலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "நீ தூங்கறப்போ உன் பாதத்தைக் கொண்டாந்து என் பாதத்து மேல வெச்சுக்குவியே..."

டாக்டர் முன்னால் இதென்ன பேச்சு என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இப்ப எதுக்குங்க அது?"

"போன மழைக்காலத்துலேர்ந்து நீ வெக்கறதே இல்ல. என் மேல ஏதோ கோவம்னு நினைச்சேன். கேக்கவும் பயமா இருந்துச்சு. கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது? அதான், எங்கயாவது கூட்டிட்டுப் போனா உன் கோவம் போயிடும்னு கப்பலுக்கு டிக்கெட் எடுத்தேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை மாதமும் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, நான் விலகிப் போய்விட்டேன் என்று அந்த மனிதர் தனியாகத் தவித்திருக்கிறார்.

"நான் வெக்காம இருந்ததே இல்லீங்க," என்றேன். "நேத்தும் வெச்சிருந்தேன்."