குழியிலிருந்து வந்த வசனம்

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆடும் ராஜா ராணி நாடகமான கொமேட்யாவில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி, அதற்கு மேல் பலகைக் கூரை. அதற்குள் என் வீட்டுக்காரர் காரியோ உட்கார்ந்து அடியடியாக எடுத்துக் கொடுப்பார். அவர் மெல்லச் சொல்வதை நாங்கள் உரக்கச் சொல்வோம். அர்த்தமெல்லாம் அப்புறம்தான். போன வருஷம் எறும்பு கடித்து அவர் "ஐயோ, எறும்பு!" என்றதை, ராஜா வேஷக்காரர் மார்பில் கைவைத்து ராகம் போட்டுச் சொன்னார். ஊரைக் காக்கும் புனிதர் சான் இசிட்ரோவுக்கு நேர்ந்துகொண்டு ஆடுகிற ஆட்டம் என்பதால் யாரும் பாதியில் நிறுத்தவும் மாட்டார்கள்.

இந்த வருஷம் திருவிழா அன்று காலையிலிருந்தே மனுஷர் சரியாக இல்லை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முகமெல்லாம் வேர்வை. சோறும் கருவாடும் தட்டில் அப்படியே கிடந்தன.

"வாயுடி. இஞ்சித் தண்ணி போட்டுக் குடு, சரியாப் போயிடும்."

"வாயுவாம் வாயு! கண்ணாடியில மூஞ்சியப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க."

"நாளைக்குப் போலாம் பெலிங். இன்னைக்கு நான் படுத்துட்டா அத்தனை பேரும் மேடையில ஊமையா நிப்பாங்க. சான் இசிட்ரோவுக்கு நீயா பதில் சொல்லுவ?"

இந்த மனுஷரிடம் பேசி ஜெயித்தவர் ஊரில் ஒருத்தர் இல்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமாக இருந்தால் நான் ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறேன்!

சாயங்கால வெயிலில் மேடை ஏறினேன். நான் கிறிஸ்தவ ராணி. நீல வெல்வெட் அங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. எதிரே சிவப்பு உடுப்பில், எதிரிப் படையான மூர்களின் இளவரசன் ஜோவெல். மற்ற நாளெல்லாம் பைக்கோடு பெட்டி கட்டிய வாடகை ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவன். தொண்டை பெரிசு, யோசனை என்பது மருந்துக்கும் கிடையாது.

அன்றைக்கு நான் நடிக்கவே இல்லை. குழியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அடி வந்தால், அப்பாடா, இருக்கிறார். அடுத்தது வருகிறவரை என் மூச்சு எனக்கில்லை. முதலில் ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பாண்டு வாத்தியக்காரர்கள் அதை மூடிவிட அணிவகுப்பு மெட்டை வாசித்தார்கள். நாங்களும் வாளும் கையுமாக மேடையைச் சுற்றி நடந்தோம். குழியருகே வரும்போதெல்லாம் குனிந்து பார்த்தேன். காகிதமும் அதைப் பிடித்த கையும் தெரிந்தன. காகிதம் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தை நடத்துகிற இலியோ அண்ணன் திரைக்குப் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தார். "சிரிம்மா! ராணி மூஞ்சியா இது? எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற!"

அவர் வாயில் அந்த வார்த்தைதானா வரவேண்டும்!

மெட்டு நின்றது. ஜோவெல் வாளைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான். குழியில் சத்தமே இல்லை. கைக்குழந்தை ஒன்று அழுதது, யாரோ இருமினார்கள். பிறகு குழியில் ஏதோ முனகல். என் காதுக்கு எட்டவில்லை. குழியை ஒட்டி நின்ற ஜோவெலுக்கு எட்டியது. காலைத் தரையில் ஓங்கி மிதித்து, வாளை வானத்துக்கு நீட்டி, ஊரே அதிரும்படி முழங்கினான்.

"பெலிங்! நெஞ்சை அடைக்குதுடீ! வாடீ!"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. விசில் வேறு. பயல் இன்னும் நெஞ்சை நிமிர்த்தி அடுத்த அடிக்காக நின்றான்.

நான் மேடையிலிருந்து குதித்தேன். பலகையைப் பிய்த்து எறிந்தேன். சாம்பல் நிறத்தில் சரிந்து கிடந்தார் மனுஷர். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

இலியோ அண்ணன் ஓடி வந்தார். "பெலிங், நேர்த்தி பாதியில நிக்கக் கூடாதும்மா. காகிதத்தை நான் படிக்கிறேன், இந்தக் காட்சிய மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு..."

"அவரு கிறுக்கல் எழுத்த அவரத் தவிர யாருக்குண்ணே படிக்கத் தெரியும்? தள்ளுங்க! என் புருஷன் செத்துட்டா உங்க சான் இசிட்ரோ வந்து திருப்பிக் குடுப்பாரா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் தள்ளினேன். ஜோவெல்தான் வாளைப் போட்டுவிட்டு ஓடினான். "அக்கா, எனக்கு ஒண்ணும் புரியலக்கா, அண்ணன் சொன்னதத்தான் சொன்னேன்" என்று அழுதுகொண்டே எங்களை ஏற்றி ட்ரைசைக்கிளை விரட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். போன் அடித்தது. இலியோ அண்ணன்.

"பெலிங், எப்படி இருக்காரு? இங்க மத்தவங்க யாரும் மேடைய விட்டு எறங்கலம்மா. ஜனமும் கலையல. ராஜா வேற எடுத்த கைய இறக்காம நிக்கிறாரு. காரியோவுக்கு நெனவு வந்தா அடுத்த அடி என்னன்னு மட்டும்..."

"வைங்க போன!"

இருட்டுகிற நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "பிழைச்சிட்டாரு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்மா. போய்ப் பாருங்க, அதிகம் பேச விடாதீங்க."

மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் முகமூடி, மார்பெல்லாம் ஒயர்கள். என்னைப் பார்த்ததும் முகமூடியை விலக்கினார்.

"அங்க... என்ன ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். வரவில்லை. "எல்லாரும் அப்படியே நிக்கிறாங்களாம். அடுத்த அடி கேக்குறாரு இலியோ அண்ணன்."

சொல்லிவிட்டு, ஒயரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று பயந்து அவர் தோளை அழுத்திப் பிடித்தேன். அவர் எழவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"நிக்கட்டும்" என்றார். "நீ உக்காரு."